நேயர் மடல்

நுழையும்முன்

தொலைக்காட்சி பார்க்காத வீடு இன்று அரிது. ஆனால், பார்த்ததைப்பற்றி நிதானமாக எண்ணி, எண்ணியதை எழுதி, உரியவருக்கு அனுப்புவோர் எத்தனை பேர்? ஒரு காலத்தில் இந்திய நாட்டின் இலட்சக்கணக்கான வீடுகளில் இப்பழக்கம் இருந்தது. ஓர் அஞ்சலட்டையும் ஒரு பேனாவும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. அந்தப் பழக்கத்தின் வரலாற்றையும் அதன் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நேயர் என்னும் சொல்

வானொலியைக் கேட்பவரையும் தொலைக்காட்சியைப் பார்ப்பவரையும் தமிழில் ‘நேயர்’ என்று அழைப்பது வழக்கம். நேயம் என்பது அன்பு. ஆகவே, நேயர் என்றால் அன்புடையவர் என்பது பொருள். ‘கேட்போர்’, ‘காண்போர்’ ஆகிய சொற்கள் இருந்தும், ஒலிபரப்பின் மொழி இந்தச் சொல்லையே விரும்பி ஏற்றுக்கொண்டது. ‘அன்பார்ந்த நேயர்களே’ என்று தொடங்கும் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் இருக்கிறது.

அன்புடையவர் வாளா இருப்பதில்லை. தமக்கு வேண்டியவர் நன்று செய்தால் மகிழ்ந்து பாராட்டுவர்; தவறினால் இடித்துரைப்பர்; ஐயம் தோன்றினால் கேட்பர். நேயர் என்னும் பெயரிலேயே மறுமொழி கூறும் கடமையும் அடங்கியிருக்கிறது. அக்கடமையை நிறைவேற்றக் கிடைத்த எளிய வழியே மடல். பனை, தென்னை ஆகியவற்றின் ஓலைக்கு உரிய பெயரே பின்னர்க் கடிதத்திற்கும் ஆகிவந்தது. ஓலை தாளாகியது, தாள் அஞ்சலட்டையாகியது. செய்தியைச் சுமக்கும் பணி மட்டும் மாறவில்லை.

பார்த்தனர், பின்னர்ப் பேசினர்

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. தொலைக்காட்சிப் பெட்டி தனி ஒருவரின் உடைமையாக இல்லாத காலம் அது. தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அமைந்த தொலைக்காட்சி மன்றங்களில் மக்கள் ஒன்றுகூடி நிகழ்ச்சிகளைப் பார்த்தனர். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் உடனே கலைந்து செல்லவில்லை. பார்த்ததைப்பற்றிக் கலந்துரையாடினர். காண்பது பாதி, கலந்து பேசுவது மீதி என்னும் எண்ணத்துடனேயே இந்நாட்டில் தொலைக்காட்சி பிறந்தது எனலாம்.

1967 சனவரி 26 அன்று உழவர்களுக்கான ‘கிருஷி தர்ஷன்’ நிகழ்ச்சி தில்லியைச் சுற்றியுள்ள 80 சிற்றூர்களுக்காகத் தொடங்கப்பட்டது. பின்னாளில் சென்னைத் தொலைக்காட்சியின் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி அதே பணியைத் தமிழில் செய்தது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு உழவரின் கேள்வியே உயிர். நெற்பயிரில் இலை மஞ்சளாவது ஏன் என்று ஓர் உழவர் கேட்டால்தான், வல்லுநரின் விடை அவருடைய வயலைச் சென்றடையும். கேள்வி வராத இடத்தில் விடை காற்றோடு போய்விடும்.

குசராத்து மாநிலத்தின் கேடா மாவட்டத்தில் 1975இல் தொடங்கிய முயற்சி இன்னும் ஒருபடி மேலே சென்றது. ‘பிஜ்’ என்னும் சிற்றூரில் நிறுவப்பட்ட ஒளிபரப்பிக் கோபுரத்திலிருந்து, அம்மாவட்ட மக்களுக்காக அவர்களுடைய மொழியிலேயே நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களில் வைக்கப்பட்ட பொதுப் பெட்டிகளின் முன் ஊரார் கூடினர். நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் ஊர் ஊராகச் சென்று மக்களின் சிக்கல்களைக் கேட்டறிந்தனர். கூலி, கடன், சாதி வேற்றுமை முதலியவை நாடகங்களாயின. சிற்றூர் மக்களே அவற்றில் நடித்தனர். பார்ப்பவருக்கும் படைப்பவருக்கும் இடையே இருந்த சுவர் அங்கே இடிந்து விழுந்தது. ஊரக மக்கள் தொடர்புக்கான யுனெசுகோ பரிசு 1984இல் இம்முயற்சிக்குக் கிடைத்தது.

‘நாம்’ என்னும் தொடர்

அதே 1984ஆம் ஆண்டு சூலை 7 அன்று, ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடர் தூர்தர்ஷனில் தொடங்கியது. அத்தொடர்தான் இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடர். ‘ஹம் லோக்’ என்றால் ‘நாம்’ என்று பொருள். கதையை எழுதியவர் இந்தி எழுத்தாளர் மனோகர் சியாம் சோஷி. வருவாய் குறைந்த ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வே கதை. குடிப்பழக்கம் உடைய தந்தை பசேசர் ராம். பொறுமையே உருவான தாய் பகவந்தி. அவர்களுடைய மக்கள் ஐவர். அவர்களுள் பெண்களின் பெயர்கள் பட்கி, மஜ்லி, சுட்கி என்பன. நம் வீடுகளில் பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்று அழைக்கிறோம் அல்லவா? அவ்வாறே அவர்களும் அழைக்கப்பட்டனர். பெயரிலேயே அக்குடும்பம் அனைவருக்கும் அண்டைவீட்டார் ஆகிவிட்டது.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் புகழ்பெற்ற திரைப்பட நடிகர் அசோக் குமார் திரையில் தோன்றுவார். அன்றைய கதையைச் சில சொற்களில் தொகுத்துரைப்பார். பின்னர், ‘இந்நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்னும் பொருள்பட நேயர்களை நோக்கி வினா எழுப்புவார். சில நொடிகளே நீடித்த அந்த வினா பெரும் விளைவை உண்டாக்கியது. வினாவைக் கேட்டவர்கள் விடை எழுதத் தொடங்கினர். 1985 திசம்பரில் தொடர் நிறைவுறுவதற்குள் வந்து சேர்ந்த மடல்கள் ஏறத்தாழ 4 இலட்சம்.

அம்மடல்கள் வெறும் பாராட்டுரைகளாக அமையவில்லை. தொடரின் முதல் 13 பகுதிகளில் குடும்பநல அறிவுரை மிகுதியாக இருந்தது. நேயர்கள் அதனை விரும்பவில்லை. அறிவுரையின் சுமையைக் குறைத்து, கதையின் சுவையைக் கூட்டிய பின்னரே தொடர் மக்களின் மனத்தில் இடம்பெற்றது. மூத்தவளான பட்கி, மருத்துவர் அசுவினியை மணப்பதா வேண்டாவா என்று தயங்கியபோது, அவளுக்கு எடுத்துச் சொல்லுமாறு அசோக் குமாருக்கே இளைஞர்கள் மடல் எழுதினர். அவளது திருமணம் ஒளிபரப்பான நாளில் வட இந்தியாவில் கடைகளை முன்னதாகவே அடைத்துவிட்டு வீடு திரும்பியவர்கள் உண்டு. கற்பனைப் பெண் ஒருத்தியின் வாழ்வைத் தம் வீட்டுப் பெண்ணின் வாழ்வாகக் கருதிய அன்பு அது.

பணியின் பொருட்டுச் சொந்த ஊரைவிட்டு வடபுல நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் அத்தொடர் இடம்பெற்றது. இந்தி அறியாத பாட்டிக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை தமிழில் கதை சொல்ல வேண்டும். ‘அந்தப் பெரிய பெண் என்ன சொல்கிறாள்?’ என்று பாட்டி கேட்பார். பிள்ளை சொல்லும். ‘பாவம்! அவளுக்கு நல்ல வழி பிறக்கட்டும்’ என்று பாட்டி கூறுவார். மொழிபெயர்ப்பு என்பது ஏட்டுக் கல்வி மட்டும் அன்று என்பதை அப்பிள்ளைகள் கூடத்தில் அமர்ந்தே கற்றனர். ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாநில மொழித் திரைப்படங்கள் முறைவைத்து ஒளிபரப்பாகும். தமிழின் முறை வரும் வாரத்திற்காக அக்குடும்பங்கள் காத்திருந்தன. அன்று அண்டைவீட்டுப் பஞ்சாபியரோ வங்காளியரோ உடன் அமர்ந்தால், மொழிபெயர்க்கும் பொறுப்பு மீண்டும் பிள்ளைக்கே வந்து சேரும்.

எழுதியவர் எண்ணியது ஒன்று

நேயரின் மடல் ஏன் இன்றியமையாதது? ‘ஹம் லோக்’ தொடரில் வரும் பகவந்தியே அதற்குச் சான்று.

குடும்பத்தில் பெண்கள் படும் துன்பத்தை எடுத்துக்காட்டவே பகவந்தி படைக்கப்பட்டாள். கணவனின் கடுஞ்சொல்லையும் மாமியாரின் ஏச்சையும் வாய் திறவாமல் பொறுத்துக்கொள்பவள் அவள். ‘இவ்வாறு ஒருத்தி துன்புறலாமா?’ என்று பார்ப்பவர் கேட்க வேண்டும் என்பதே படைத்தவரின் நோக்கம். ஆனால், அத்தொடரைப்பற்றி ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டனர். பெண்கள் பலர் பகவந்தியைப் பின்பற்றத்தக்க நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் போற்றினர். அநீதியைச் சுட்டிக்காட்ட எழுந்த ஓவியம், பொறுமையின் புகழ்ப்பாட்டாக மாறிவிட்டது.

இதில் பிழை யாருடையது என்று தேடுவதால் பயனில்லை. சொன்னவர் சொன்னது வேறு. கேட்டவர் நெஞ்சில் விழுந்தது வேறு. வகுப்பறையிலும் மேடையிலும் வீட்டிலும் நாள்தோறும் நிகழ்வதுதான் இது. திருக்குறளில் ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரமே அமைந்திருப்பதன் காரணமும் இதுவே. தன் முன் இருப்பவர் யார், அவர் எதனை எவ்வாறு ஏற்பார் என்பதை அறியாமல் பேசுபவரின் சொல் குறி தவறிய அம்பு. தொலைக்காட்சிக்கோ அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடிக்கணக்கானோர் பார்க்கின்றனர், ஒருவரின் முகமும் நிலையத்தாருக்குப் புலப்படாது. அந்த அவையின் முகத்தைக் காட்டும் கண்ணாடியே நேயர் மடல்.

அஞ்சலட்டையின் வலிமை

சென்னைத் தொலைக்காட்சியில் ‘எதிரொலி’ என்னும் நிகழ்ச்சி இருந்தது. நேயர்கள் எழுதிய மடல்கள் அதில் படிக்கப்பட்டன. அவற்றுக்கு நிலையத்தின் சார்பில் விடை அளிக்கப்பட்டது. பாடலும் நாடகமும் இல்லாத அந்நிகழ்ச்சியையும் மக்கள் ஆவலுடன் பார்த்தனர். தம் ஊரின் பெயரோ தம் தெருவில் ஒருவரின் பெயரோ ஒலிக்காதா என்னும் எதிர்பார்ப்பு ஒருபுறம். தாம் கேட்க எண்ணியதை வேறொருவர் கேட்டுவிட்டார் என்னும் நிறைவு மற்றொருபுறம். எதிரொலி கேட்க வேண்டுமாயின், முதலில் ஒருவர் குரல் கொடுக்க வேண்டும் அல்லவா?

1990ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சுரபி’ நிகழ்ச்சி இந்தியப் பண்பாட்டை வாரந்தோறும் வீடுகளுக்குக் கொண்டுவந்தது. சித்தார்த் காக், ரேணுகா சகானே ஆகிய இருவரும் அதனைத் தொகுத்து வழங்கினர். கைவினை, கோயில், திருவிழா, நாட்டுப்புறக்கலை எனப் பலவற்றையும் காட்டியபின் நேயர்களிடம் ஒரு வினா கேட்கப்படும். விடையை அஞ்சலட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். 1993இல் ஒரே வாரத்தில் 14 இலட்சத்திற்கும் மேற்பட்ட மடல்கள் வந்தன. ஓர் அஞ்சலட்டை 15 காசுக்குக் கிடைத்த காலம் அது. இத்தகைய போட்டிகளுக்கெனப் பின்னர் 2 ரூபாய் விலையில் தனி அஞ்சலட்டையையே அஞ்சல்துறை வெளியிட்டது. நேயர்களின் ஆர்வம் அரசுத்துறை ஒன்றைப் புதிய அட்டை அச்சிட வைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்த அட்டை ஒரு வீட்டில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கலாம். விடை தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். கையெழுத்து நன்றாக அமைந்தது பேத்திக்கு. முகவரியை மனப்பாடமாகச் சொல்வான் தம்பி. இடம் போதாமல் எழுத்துகள் ஓரத்தில் நெருங்கி நிற்கும். அட்டையைப் பெட்டியில் இட்டபின், அது உள்ளே விழும் ஓசையைக் கேட்டுவிட்டே பிள்ளைகள் வீடு திரும்புவர். அடுத்து வரும் வாரங்களில் எல்லாம் காத்திருப்பு. பரிசு கிடைத்தவர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு வினாவுக்காகக் குடும்பமே கூடிப் பேசியது எல்லாருக்கும் கிடைத்த பரிசு.

ஓர் ஊரின் கையொப்பம்

நேயர் மடல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அறிய, வானொலி நாடகம் ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1996ஆம் ஆண்டில் வட இந்தியாவில் ‘தின்கா தின்கா சுக்’ என்னும் தொடர் நாடகம் அகில இந்திய வானொலியில் ஒலிபரப்பானது. வரதட்சணைக் கொடுமையால் உயிரிழக்கும் ஒரு பெண்ணின் கதை அதில் இடம்பெற்றது. உத்தரப்பிரதேசத்தின் ‘லுட்சான்’ என்னும் சிற்றூர் மக்கள் அதனைக் கேட்டனர்; கேட்டதைக் கூடிப் பேசினர். பின்னர், இனி வரதட்சணை கொடுப்பதில்லை, வாங்குவதில்லை என்று உறுதிகூறி ஒரு மடலை வானொலி நிலையத்திற்கு அனுப்பினர். அதில் 184 பேர் ஒப்பமிட்டிருந்தனர்.

அம்மடல் வினாவுக்கு விடையாக எழுதப்பட்டதன்று. பரிசை நாடியதும் அன்று. கதையில் இறந்த பெண்ணுக்காகத் தம் ஊரில் உயிரோடு இருக்கும் பெண்களைக் காப்பதாக ஓர் ஊரே கொடுத்த வாக்கு அது. நூற்றாண்டுகளாக வேரூன்றிய வழக்கம் ஒரே மடலால் மறைந்துவிடாது. ஆனால், பலர் அறியக் கையொப்பமிட்டவர் தம் சொல்லுக்குத் தாமே சாட்சியாகிறார். அச்சொல்லை மீறும்போது ஊரார் கேட்பர். அவருடைய மனமும் கேட்கும்.

எண்ணும் எழுத்தும்

இன்று நிகழ்ச்சிகளின் செல்வாக்கை அளக்க வேறு முறை வந்துவிட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில வீடுகளில் பொருத்தப்படும் கருவி, எந்த நிகழ்ச்சி எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதைக் கணக்கிடுகிறது. அக்கணக்கை வைத்தே விளம்பரங்கள் வருகின்றன. தொடர்கள் நீள்கின்றன அல்லது நிறுத்தப்படுகின்றன. கருவியின் கணக்குத் தேவையானதே. பார்ப்போர் அனைவரும் மடல் எழுதுவதில்லை. எழுத்தறியாதவரின் விருப்பமும் அறியப்பட வேண்டும். ஆயினும், எண் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரு வீட்டில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அது சொல்லும். அத்தொடரைக் கண்டு அங்கிருந்த பெண் கண்ணீர் விட்டாளா, முகம் சுளித்தாளா, அடுப்படி வேலையில் அதனை மறந்தே போனாளா என்பதை அது சொல்லாது. பகவந்தியை எத்தனை பேர் பார்த்தனர் என்பதை எண் கூறும். அவளை எவ்வாறு புரிந்துகொண்டனர் என்பதை எழுத்தே கூறும்.

அஞ்சலட்டையின் இடத்தில் இன்று விரைவுச் செய்திகள் வந்துவிட்டன. நிகழ்ச்சி முடியும் முன்பே ‘அருமை’ என்றோ ‘மோசம்’ என்றோ ஒரு சொல் பறந்துவிடுகிறது. விரைவு நல்லதுதான். ஆனால், அஞ்சலட்டையை வாங்கக் கடைக்கு நடந்த அந்தச் சிறுபொழுதில் மனம் ஒரு வேலை செய்தது. சினம் தணிந்தது, காரணம் தெளிந்தது, சொல் முறைப்பட்டது. கருவி மாறலாம். அந்தச் சிறுபொழுதை இழந்துவிடக் கூடாது.

நல்ல மடலின் இயல்பு

நல்ல நேயர் மடலுக்கு இயல்புகள் சில உண்டு. முதலாவது, அது தெளிவாகச் சுட்டும். ‘நிகழ்ச்சி நன்று’ என்பதைவிட, ‘பானை வனைபவரின் கைகளை அண்மையில் காட்டியது நன்று, அவருடைய ஊர்ப்பெயரையும் சொல்லியிருக்கலாம்’ என்பது பயன்மிக்கது. இரண்டாவது, அது காரணம் கூறும். பிடிக்கவில்லை என்பது உணர்ச்சி. ஏன் பிடிக்கவில்லை என்பது கருத்து. மூன்றாவது, அது செயலைக் குறைகூறும், ஆளை இழிவுபடுத்தாது. நான்காவது, எழுதியவர் தம் பெயரை ஒப்பமிட அஞ்சாதவாறு அமையும். பெயர் மறைத்து எழுதத்தக்க சொல் பெரும்பாலும் எழுதத்தகாத சொல்லே.

மடலைப் பெறுபவருக்கும் கடமை உண்டு. பாராட்டைப் படித்து மகிழ்வது எளிது. காதுக்குக் கசப்பான சொல்லையும் பொறுத்துக்கேட்கும் பண்பை நாடாளும் வேந்தனுக்கு உரியதாக வள்ளுவர் வைத்தார். ஊரார் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் குரல் ஒலிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் அப்பண்பு பொருந்தும். வந்த மடலுக்கு விடை கூறுபவரே அடுத்த மடலைப் பெறுவார்.

திரையின் முன் அமர்பவர் அனைவரும் காண்போர். கண்டதை எண்ணி, எண்ணியதை அன்போடும் துணிவோடும் எடுத்துரைப்பவரே நேயர். அப்பெயருக்கு உரியவர் ஆவதற்கு ஒரு தாளும் சிறிது பொழுதும் போதும்.

சொல்லும் பொருளும்

வாளா – சும்மா
இடித்துரைத்தல் – குறையை எடுத்துக்கூறித் திருத்துதல்
ஆகிவருதல் – ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு வழங்குதல்
ஒப்பம் – கையெழுத்து
வடபுலம் – வடநாடு

பயிற்சி

1. ‘நேயர்’ என்னும் சொல்லின் பொருளைக் கூறி, அதில் அடங்கியுள்ள கடமையை விளக்குக.
2. பகவந்தியைப் படைத்தவரின் நோக்கமும் நேயர் பலர் புரிந்துகொண்ட விதமும் எவ்வாறு வேறுபட்டன?
3. லுட்சான் ஊர் மக்களின் மடல் பிற மடல்களிலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?
4. ‘எண் கூறாததை எழுத்து கூறும்’ – உம் கருத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
5. உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் விரும்பிப் பார்த்த பழைய நிகழ்ச்சியைப்பற்றி அவரிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.
6. அண்மையில் நீர் பார்த்த நிகழ்ச்சி ஒன்றைப்பற்றி, நல்ல மடலின் இயல்புகள் நான்கும் அமைய, ஓர் அஞ்சலட்டை அளவில் நேயர் மடல் வரைக. அதன் கீழ் உம் பெயரை ஒப்பமிடுக.